திண்டிவனத்து அண்ணி

பி.இ. முடித்தபோது என்னிடம் இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று, இயந்திரவியல் பட்டம். இன்னொன்று, எம்-த்ரீ என்று மாணவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லும் மூன்றாம் பருவக் கணிதத் தாளை ஐந்து முறை எழுதிய அனுபவம்.

முதல் சொத்தை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் வேலை தேடினேன். ஒரு கம்பெனியில், "லேத் மெஷின் பார்த்திருக்கியாப்பா?" என்று கேட்டார்கள். படத்தில் பார்த்திருப்பதாகச் சொன்னேன். அவர்களும் என் விண்ணப்பத்தைப் பார்த்திருப்பதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

பிறகுதான் இரண்டாவது சொத்து கண்ணில் பட்டது. ஒரே புத்தகத்தை இரண்டரை வருடம் விடாமல் படித்தவனை வேறு இடத்தில் ஆராய்ச்சியாளர் என்பார்கள். எங்கள் கல்லூரியில் அரியர் கேஸ் என்றார்கள். முதல் தடவையே தேறியவனுக்கு ஒரு கணக்கை எப்படிச் சரியாகப் போடுவது என்று மட்டும்தான் தெரியும். அதை எத்தனை விதமாகத் தப்பாகப் போடலாம், எந்தத் தப்புக்கு எத்தனை மார்க் போகும் என்பது எனக்குத்தான் தெரியும். இந்த அறிவு என்னோடு அழிந்துவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கு எதிரே என் அப்பா சக்கரபாணி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். 2017 அக்டோபரில் அந்தக் கடையின் பக்கவாட்டில் ஒரு பலகை ஏறியது. 'தீனதயாளன் பி.இ., ஆன்லைன் கல்வி வழிகாட்டி. வீட்டிலிருந்தே படிக்கலாம்.' கீழே என் செல் நம்பர்.

முதல் வாரம் பதினேழு பேர் வந்தார்கள். ஆறு பேருக்குப் பட்டா மாற்ற வேண்டும். நான்கு பேருக்குச் சாதிச் சான்று. மற்றவர்களுக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, நீக்க. ஒருவர் மட்டும் குனிந்து, "எங்க அண்ணன் பேரை அவனுக்கே தெரியாம எடுக்கணும். ஆன்லைன்ல முடியுமா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ஆன்லைன் என்றால் தாலுகா ஆபீஸ் வேலை. கல்வி என்ற சொல்லை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

அப்பா விளம்பரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். பலகையில் இருந்ததை அப்படியே ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து, கடையில் எடுக்கும் ஒவ்வொரு காப்பியின் பின்புறமும் ஊதா மையில் குத்த ஆரம்பித்தார். ஆதார், பட்டா, இறப்புச் சான்று, எதுவும் தப்பவில்லை. தாலுகா ஆபீசில் ஓர் எழுத்தர் ஒரு வாரிசுச் சான்றைப் பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்த தீனதயாளன் எந்த சம்சாரத்துப் பிள்ளை என்று கேட்டாராம்.

"அப்பா, பிரச்சினை ஆயிடும்."

"பார்த்தானா இல்லையா? அதாண்டா விளம்பரம்."

இந்த நிலையில்தான் பவானி அக்கா வந்தார். நாற்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூடுதல் இருக்கும். நான்காக மடித்த ஒரு தாளைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, "இதை ஒரு காப்பி" என்றார். 1993ஆம் வருடத்துப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று. எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் முப்பத்தொன்று. பாஸ் மார்க் முப்பத்தைந்து.

நான் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

"எவ்ளோ நேரம் பார்த்தாலும் முப்பத்தஞ்சு ஆவாது" என்றார் அவர். "நானும் இருபத்திநாலு வருஷமா பார்த்துக்கினுதான் இருக்கேன்."

அரியர் வைத்தவர்களுக்குள் ஒரு சொந்தம் உண்டு. உட்காருங்கள் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

பனமலைக்காரர். ஊரில் பால்வாடியில் ஆயாவாகப் பதினோரு வருடம். அங்கே இருக்கும் டீச்சர் வருகிற ஜூனில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் பத்தாவது பாஸ் என்று காட்டினால் அந்த இடம் இவருக்கு. காட்டாவிட்டால் வெளியூரிலிருந்து ஒரு பெண் வருவாள். அவளுக்கு இன்னும் முப்பது வருடம் சர்வீஸ் இருக்கும்.

"அப்புறம் நான் ரிட்டையர் ஆவற வரைக்கும் உப்புமா கிண்ட வேண்டியதுதான். அது தப்பில்ல. ஆனா பதினோரு வருஷமா அந்தப் புள்ளைங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்துக்கினு இருக்கறது நானு. கையெழுத்து மட்டும் வேற ஆளு." பலகையைக் காட்டினார். "கல்வி வழிகாட்டின்னு போட்டிருக்கே. நெஜமாவே கல்விதானா, இல்ல ரேஷன் கார்டா?"

அந்தப் பலகையை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவர்தான்.

"டுடோரியல் போகலாமே அக்கா, விழுப்புரத்துல நிறைய இருக்கு" என்றேன். வியாபாரத்தில் நான் அப்படித்தான்.

"போனா ஊருக்குத் தெரியும். தெரிஞ்சா பேஜாரு. தொண்ணூத்திமூணுல ரிசல்ட்டு வந்த அன்னிக்கு எனக்கு முப்பத்தொண்ணுன்னு பேரு வெச்சாங்க. கல்யாணத்துல மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வரைக்கும் தெரியும். எங்க ஊட்டுக்காரரு முருகையன் நல்ல மனுஷன், ஆனா வாயில ஒண்ணு நிக்காது. இன்னிக்குக்கூட சந்தையில மிச்சக் காசு தப்பா வாங்கிக்கினு வந்தா, 'வுடு, முப்பத்தொண்ணு'ன்றாரு. பாஸானா எல்லாருக்கும் சொல்லிக்கலாம். பெயிலானா, நான் எழுதவே இல்ல. புரியுதா சார்?"

சார் என்று என்னை அழைத்த முதல் மனிதரும் அவர்தான். அதற்குப் பிறகு நான் எதையும் மறுக்கும் நிலையில் இல்லை.

ஏற்பாட்டை அவரே சொன்னார். தினமும் பால்வாடி முடிந்து நாலு மணிக்கு வேப்பமரத்தடியில் விதைக்கான மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரிக்க உட்காருவார். எட்டு பத்துப் பெண்கள் சுற்றி இருப்பார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கிறது. ஒரு காதில் இயர்போன் வைத்துக்கொள்வார். நான் பாடம் நடத்த வேண்டும். கேட்டால் திண்டிவனத்தில் இருக்கும் கணவரின் அண்ணன் மனைவி தையல்நாயகி பேசுகிறார் என்பார். கணவருக்கு அண்ணி, அதனால் இவருக்கும் அண்ணி.

"சந்தேகம் வந்தா எப்படிக் கேப்பீங்க?"

"அண்ணிகிட்ட கேக்கற மாதிரியே கேக்கறேன். நீங்க பாட்டுக்கு சொல்லிக்கினே இருங்க."

என் நம்பரை அங்கேயே செல்லில் பதிந்துகொண்டார். 'தையல் அண்ணி புது நம்பர்.' பொறியியல் பட்டதாரியாக இருந்த நான், மறுநாள் மாலை நாலு மணி முதல் அண்ணியானேன்.

எனக்கு முதலில் ஒரு திட்டம் இருந்தது. அரியர் ஆராய்ச்சியில் கண்டது. கணக்குத் தாளில் ஒரு மார்க் கேள்விகள் பதினைந்து. பெரும்பாலும் புத்தகத்தின் பின்னாலேயே இருக்கும். வடிவியல் வரைந்தால் பத்து. கிராஃப் போட்டால் பத்து. மொத்தம் முப்பத்தைந்து. வேறெதையும் தொட வேண்டாம். இதை முதல் நாளே விளக்கினேன். மறுமுனையில் மல்லாட்டை உடைகிற சத்தம் கேட்டது.

"அண்ணி" என்றார். பக்கத்தில் ஆள் வந்துவிட்டது போல. "விருந்துக்குக் கூப்புட்டு அளந்து சோறு போட்டா நல்லா இருக்குமா? வயிறு நிறைய போடுங்க அண்ணி."

அன்றோடு அந்தத் திட்டம் செத்தது. முழுப் புத்தகமும் நடத்தினோம். இயற்கணிதம் நடந்த நாட்கள் எனக்கு மறக்காது. x வர்க்கம் கழித்தல் ஐந்து x கூட்டல் ஆறு. பெருக்கினால் ஆறும் கூட்டினால் ஐந்தும் வருகிற இரண்டு எண்கள் என்ன என்று கேட்டேன்.

"அந்த ரெண்டு பேரு யாருன்னு எனக்குத் தெரியும் அண்ணி. ரெண்டும் மூணும்."

பக்கத்தில் ஒரு குரல், "யாருடி அது?" என்றது. அது குப்பம்மாள். மரத்தடிக் குழுவின் தலைமை நிருபர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"எங்க அண்ணி தெருவுல ரெண்டாவது ஊடும் மூணாவது ஊடும்."

"சண்டையா?"

"சேந்தா அஞ்சாம்."

"என்னாது அஞ்சு?"

"அண்ணி இன்னும் சொல்லல. இரு கேக்கறேன்."

சமன்பாட்டில் ஓர் எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்று நான் சொன்ன தினம் பவானி அக்கா, "இந்தப் பக்கம் இருந்த வரைக்கும் நல்லா இருந்தாரு, அந்தப் பக்கம் போனதும் குணம் மாறிட்டாரா அண்ணி?" என்று கேட்டுவிட்டார். மரத்தடியில் உரிக்கும் சத்தம் மொத்தமாக நின்றது. மறுநாள் நான் அழைத்ததும் முதலில் கேட்டது குப்பம்மாள் குரல்தான்: "அந்தப் பக்கம் போனவரு திரும்பி வந்துட்டாரான்னு கேளுடி."

வடிவியல்தான் சிரமமாக இருக்கும் என்று பயந்தேன். வட்டத்தைக் காதுக்குள் எப்படி வரைவது? அவர் அதைப் பால்வாடித் தரையில் வரைந்தார். சாக்பீஸில் நூலைக் கட்டி, இன்னொரு முனையைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வட்டம். அதற்குள் வட்ட நாற்கரம். தினமும் வாட்ஸ்அப்பில் படம் வரும். நாலு முனையிலும் நாலு குழந்தைகள் உட்கார்ந்திருக்கும். மையத்தில் ஒன்று உட்கார்ந்து மூக்கை நோண்டிக்கொண்டிருக்கும். "குத்துக்கோடு ரெண்டு மில்லிமீட்டர் தப்பு" என்று எழுதினேன். "அது கோடு தப்பில்ல சார், சரவணன் உக்காந்து அழிச்சிட்டான்" என்று பதில் வந்தது.

புத்தகம் மகன் செல்வகுமாருடையது. அவனும் அதே வருடம் பத்தாவது. அவன் கிரிக்கெட் ஆடப் போனதும் இவர் எடுப்பார், வருவதற்குள் வைத்துவிடுவார். "புத்தகம் புதுசு மாதிரியே இருக்கு சார். அவன் தொட்ட மாதிரியே தெரியல" என்றார். ஒரு நாள் போட்ட கணக்குத் தாள்களைப் புத்தகத்துக்குள்ளேயே மறந்து வைத்துவிட்டார். செல்வகுமார் என்ன செய்தான் என்றால், இந்தத் தாள்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு கேள்வியும் கேட்காமல், அப்படியே நோட்டில் காப்பியடித்துப் பள்ளிக்கூடத்தில் காட்டி 'நன்று' வாங்கிவந்தான். தானாகக் கணக்கு முளைக்கும் புத்தகத்தை அவன் ஒரு வரமாக எடுத்துக்கொண்டான். பவானி அக்கா அதற்குப் பிறகு வேண்டுமென்றே தாள்களை மறந்தார். காப்பியடித்தாலும் கை வழியாகத்தானே போகிறது என்பது அவர் கணக்கு. என் வகுப்பில் சேராமலே படித்த மாணவன் அவன்.

மல்லாட்டை விதைப்பு முடிந்தது. உரிக்கும் வேலை போய்ப் புளி தட்டும் வேலை வந்தது. பின்னணி ஓசை மாறியதே தவிர வகுப்பு நிற்கவில்லை. ஏப்ரலில் பரீட்சை. தனித்தேர்வராக விண்ணப்பம் எங்கள் கடையிலேயே போட்டோம். ரிசல்ட் செய்தி வருவதற்கு யார் நம்பரைக் கொடுப்பது என்று யோசித்து, என் நம்பரையே கொடுத்தார். மாதிரித் தேர்வில் நாற்பது, நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று என்று ஏறிக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாகப் போவது எனக்கே சந்தேகமாக இருந்தது. எம்-த்ரீ எழுதியவனுக்கு நல்லபடியாகப் போகும் எதன் மேலும் நம்பிக்கை வராது.

மார்ச் மாதம், பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காலை பதினோரு மணிக்குப் புதிய நம்பரிலிருந்து அழைப்பு.

"அண்ணி, நான் முருகையன். பவானி செல்லுல இருந்து இந்த நம்பரை எடுத்தேன். அண்ணனுக்குத் தெரிய வேணாம்னுதான் நேரா உங்களுக்குப் போட்டேன்."

ஜெராக்ஸ் மெஷின் சத்தம் கேட்காத மூலைக்கு நகர்ந்தேன்.

"குப்பம்மா எல்லாத்தையும் சொல்லிடுச்சி. அண்ணன் அந்தப் பக்கம் போனது, குணம் மாறினது, ரெண்டாவது ஊட்டுக்கும் மூணாவது ஊட்டுக்கும் சண்டை, எல்லாம். நாலு மாசமா நீங்க தினமும் என் பொண்டாட்டிகிட்ட சொல்லி அழுதுக்கினு இருக்கீங்க, நான் கொழுந்தன்னு ஒருத்தன் இருந்து என்னா பிரயோஜனம்? திண்டிவனம்தான் வந்துக்கினு இருக்கேன், செஞ்சி டவுனைத் தாண்டிட்டேன். நான் வந்து பேசி முடிச்சி வெக்கறேன். தைரியமா இருங்க. இன்னா?"

ஏதாவது சொல்லியாக வேண்டும். மெல்லிய குரலில் "ம்" என்றேன். அதில் கொஞ்சம் துக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

"அழாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பவானி அக்காவுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. பால்வாடி நேரத்தில் செல்லை அரிசி டிரம்மின் மேல் வைத்துவிடுவார். பன்னிரண்டு முறை போட்டேன். பன்னிரண்டு முறையும் அரிசிக்குத்தான் கேட்டது.

தையல்நாயகி அண்ணியின் வீட்டில் நடந்ததை முருகையனே பிறகு சொன்னார். அவர் உள்ளே நுழைந்தபோது அந்த அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாராம். கண்ணில் தண்ணீர். "அழாதீங்க அண்ணி, நான் வந்துட்டேன்" என்று இவர் சொல்ல, "வராம எங்க போவே, உக்காரு" என்று அவர் சொல்ல, விஷயம் தெளிவாகக் கால் மணி நேரம் ஆயிற்று. அண்ணன் எந்தப் பக்கமும் போகவில்லை, கட்டிலில் படுத்திருந்தார். பவானியோடு பொங்கலுக்குப் பேசியதுதான், இரண்டு மாதம் ஆகிறது என்றார் அண்ணி. அப்படியானால் தினமும் பேசுவது யார்? முருகையன் அந்த நம்பரைக் காட்டினார். அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பீரோவிலிருந்து வீட்டுப் பட்டாவின் காப்பியை எடுத்துத் திருப்பினார். பின்னால் ஊதா மையில் அதே நம்பர்.

அப்பாவின் விளம்பரம் வேலை செய்துவிட்டது.

அரை மணி நேரத்தில் முருகையன் கடை வாசலில் நின்றார். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் பட்டா, தோளில் அண்ணி வீட்டுக்காகக் கொண்டுவந்து கொடுக்க மறந்த கேப்பை மாவுப் பை. நேராகச் செல்லில் ஒரு நம்பரை அழுத்தினார். என் சட்டைப் பை அடித்தது.

"ஆக, நீதான் எங்க அண்ணி" என்றார்.

மெஷின் பக்கத்திலிருந்து அப்பா தலையைத் தூக்கினார். "டேய், என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"பாடம்தாம்பா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அந்த ஆள் தோளில் கேப்பைப் பை ஐந்து கிலோ இருந்தது. முப்பத்தொன்று மார்க் சான்றின் காப்பி, ஹால் டிக்கெட், சாக்பீஸ் வட்டங்களின் படங்கள், மாதிரித் தேர்வுத் தாள்கள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரு தாளில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"இதெல்லாம் அவளே போட்டதா?"

"ஆமாங்க. ஐம்பத்தொண்ணு வாங்கியிருக்காங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

நான் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். பதிலை அவரே கண்டுபிடித்தார். நேர்மையான மனிதர்.

"சொல்லியிருந்தா அன்னியூர் டீக்கடை வரைக்கும் போயிருக்கும்" என்றார். "முப்பத்தொண்ணுன்னு நான் கூப்புடறது அவளுக்குக் கோவமா?"

"கோவம்னு சொல்லல. முப்பத்தஞ்சு மட்டும் வாங்குற வழி ஒண்ணு சொன்னேன். அது வேணாம்னுட்டாங்க."

முருகையன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்பா டீ வரவழைத்தார். டீ குடித்து முடித்ததும் முருகையன் ஹால் டிக்கெட்டை நீட்டி, "இதை ஒரு காப்பி போடு" என்றார். "எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரிய வேணாம். பரீட்சை நேரத்துல மனசு கலங்கும். மூணு வாரம்தானே. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அந்தக் காப்பியின் பின்னாலும் அப்பா ஸ்டாம்பைக் குத்தினார்.

என் நிலைமையைப் பாருங்கள். பவானி அக்காவின் ரகசியத்தை முருகையனிடமிருந்து காப்பாற்றத் தவறிவிட்டேன். இனி முருகையனின் ரகசியத்தைப் பவானி அக்காவிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அதுவோ, தன் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்த அன்றே தன் வீட்டு ரகசியம் எல்லாவற்றையும் பெண் வீட்டில் சொல்லிவிட்ட மனிதரின் வாயில் இருக்கிறது. மூன்று வாரம்.

அன்று மாலை பவானி அக்கா பதற்றமாகப் பேசினார். "சார், அவரு திண்டிவனம் போய்ட்டு வந்தாராம். அண்ணியப் பார்த்தாராம்."

"என்ன சொன்னாரு?"

"அண்ணி நல்லா இருக்காங்க, தினமும் ஒரு மணி நேரம் உன்கிட்ட பேசச் சொன்னாங்கன்றாரு. அண்ணி ஏன் அப்படிச் சொன்னாங்கன்னுதான் ஒண்ணும் புரியல."

"நல்ல அண்ணி" என்றேன்.

அந்த மூன்று வாரம் முருகையன் பட்ட பாடு தனிக்கதை. மூன்று நாளுக்கு ஒருமுறை எனக்குப் போன் வரும். "தம்பி, வாயி நமநமன்னுது. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருக்கு. உன்கிட்ட சொல்லிக்கறேன். என் பொண்டாட்டி பத்தாவது எழுதறா." நான் ஆச்சரியப்பட வேண்டும். "அப்படிங்களா, பலே" என்பேன். திருப்தியாக வைத்துவிடுவார். டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். நாலு மணி ஆனால் மரத்தடிப் பக்கம் போய், "அண்ணிகிட்ட பேசறப்போ பக்கத்துல ஏன் கும்பலு?" என்று குப்பம்மாளை விரட்டுவாராம். முப்பத்தொண்ணு என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. "சார், அவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்புடறாரு. உடம்பு கிடம்பு சரியில்லையோ" என்று பவானி அக்கா ஒரு நாள் வகுப்பு முழுக்கக் கவலைப்பட்டார். நிகழ்தகவு நடத்த வேண்டிய நாள் அது.

பரீட்சை நாள். செல்வகுமார் தன் பள்ளிக்கூடத்துக்கு எட்டு மணிக்கே போய்விட்டான். பவானி அக்கா, அண்ணியைப் பார்க்கத் திண்டிவனம் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். முருகையன் மோட்டாருக்கு பேரிங் வாங்க விழுப்புரம் போவதாகவும், பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாகவும் சொல்லி வண்டியை எடுத்தார். விழுப்புரம் வந்தது. பஸ் ஸ்டாண்டும் வந்தது. வண்டி நிற்கவில்லை. "இன்னாங்க, தாண்டிட்டீங்க" என்று இவர் முதுகில் தட்டுகிறார். அவர் காது கேட்காதவர் போல ஓட்டி, ஒரு பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார். வாசலில் தேர்வு மையம் என்று எழுதியிருந்தது.

"அண்ணி ஊடு வந்துடுச்சி" என்றார். "இறங்கு."

பவானி அக்கா இறங்கவில்லை. முருகையன் சட்டைப் பையிலிருந்து இரண்டு பேனா, ஒரு பென்சில், ஒரு கவராயத்தையும், வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தார். கவராயத்தில் பென்சில் மாட்டி, சீவியும் வைத்திருந்தார்.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"இருபது நாளு."

"இருபது நாளா யார்கிட்டயும் சொல்லலியா?"

"அண்ணிகிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாராம் முருகையன்.

இதைப் பவானி அக்கா என்னிடம் சொன்னபோது, சிரித்து முடித்து, தேர்வு எப்படி எழுதினீர்கள் என்று கேட்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. "வட்ட நாற்கரம் வந்துச்சி சார். கிராஃபும் போட்டேன். ஒரு அஞ்சு மார்க்குல குறிய மாத்தாம வுட்டுட்டேன். வெளிய வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சி. அந்தப் பக்கம் போயும் குணம் மாறாம இருந்துட்டாரு." சிரித்தார். ஆனால் அந்தக் குறி அவரை மே மாதம் வரை தூங்கவிடவில்லை. ஒரு குறி என்பது அஞ்சு மார்க். தொண்ணூற்று மூன்றில் போனது நாலு மார்க்.

மே கடைசியில் ரிசல்ட் நாள். காலையிலிருந்தே எங்கள் கடையில் மார்க் பிரிண்ட் எடுக்கக் கூட்டம். நான் ஒரு கையில் மவுஸும் ஒரு கையில் செல்லுமாக நின்றேன். ஒன்பதே முக்காலுக்குச் செய்தி வந்தது. திறக்கக் கை வரவில்லை. என்னுடைய ஐந்து ரிசல்ட்டுக்கும் நான் இப்படித் தயங்கியதில்லை. எனக்கு என்ன வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும்.

அப்பா பிடுங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். இறக்கினார். திருப்பிக் கொடுத்தார்.

பவானி அக்காவுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் பெண்களின் குரல்கள்.

"சொல்லுங்க அண்ணி" என்றார். பழக்கம் விடவில்லை.

"அறுபத்திரெண்டு."

பொறுக்காமல் நானே மறுபடியும் சொன்னேன்.

"அக்கா, அறுபத்திரெண்டு. பாஸ்."

"நல்லாப் பார்த்தீங்களா அண்ணி? முப்பத்தொண்ணு இல்லியே?"

"முப்பத்தொண்ணு ரெண்டு தடவைக்கா."

செல் கை மாறும் சத்தம் கேட்டது. முருகையன். "எவ்ளோ?" சொன்னேன். அவ்வளவுதான், இரண்டு மாதமாக அடைத்து வைத்திருந்தது உடைந்தது. ஊர் முழுக்கக் கேட்கிற குரலில், என் பொண்டாட்டி பத்தாவது பாஸு, கணக்குல அறுபத்திரெண்டு, எவனாவது இனிமே முப்பத்தொண்ணுன்னு சொன்னா ரெண்டால பெருக்கிச் சொல்லணும் என்று கத்திக்கொண்டே ஓடினார். செல் அவர் கையிலேயே இருந்ததால், பனமலைத் தெரு ஒவ்வொன்றிலும் அவர் சொன்னதைத் திண்டிவனத்திலிருந்து நானும் கேட்டேன். ஏரிக்கரை வரை போனார் என்று நினைக்கிறேன். கடைசியில் மாடு கத்தியது.

செல்வகுமாருக்கு ஐம்பத்தெட்டு. அம்மா தன்னைவிட நாலு மார்க் அதிகம் என்பதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். புத்தகத்தில் கணக்கு முளைத்தது சாமி செயல் இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லையாம்.

ஜூலை முதல் தேதி பவானி அக்கா பால்வாடி டீச்சராகக் கையெழுத்துப் போட்டார். தரையில் இன்னும் வட்டம் வரைகிறார் என்று கேள்வி. குழந்தைகளை வரிசையில் உட்கார வைப்பதைவிட வட்டத்தில் உட்கார வைப்பது சுலபமாம். தையல்நாயகி அண்ணி கடைக்கு வந்து, தன் பேரில் நாலு மாதம் பேசியதற்கு என்னைப் பத்து நிமிடம் திட்டிவிட்டு, பட்டாவை இன்னொரு காப்பி எடுத்துக்கொண்டு, பின்னால் ஸ்டாம்ப் மறக்காமல் குத்தச் சொல்லி வாங்கிப் போனார்.

ஆகஸ்டில் ஒரு நாள் நாலு மணிக்குப் போன் அடித்தது. குப்பம்மாள்.

"நான் எட்டாவதோட நின்னுட்டேன் சார். அந்த ரெண்டாவது ஊடு மூணாவது ஊடு கதைய மொதல்லேர்ந்து சொல்லு. ஜல்தியா சொல்லு, மருமவ வந்துடுவா."

இப்போது எனக்கு ஐந்து மாணவிகள். அனைவரும் மரத்தடிதான். ஒருவருக்கொருவர் தெரியாமல் படிப்பதாக ஐந்து பேரும் நம்புகிறார்கள். குப்பம்மாள் செல்லில் நான் 'காணை ஊர் நாத்தனார்'. மற்றவர்கள் செல்களில் முறையே சித்தி, ஓரகத்தி, கேஸ் ஏஜென்சி, சம்பந்தியம்மா. அப்பா இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் ஒட்டிவைத்திருக்கிறார், யார் கூப்பிட்டால் நான் யார் என்று குழம்பாமல் இருக்க.

மாப்பிள்ளை என்று மட்டும் இதுவரை யாரும் பதிந்துகொள்ளவில்லை.